மெயில் ஐ.டி. இருக்கு... பாஸ்வேர்டு தெரியாது! வேலை தேடும் வடசென்னை வாலிபர்களுக்கு இ-மெயில் பால பாடம்

பேசின் பிரிட்ஜ்:-

வேலைக்கு மனு போட வேண்டுமா? இ-மெயில் ஐ.டி. கேட்கிறார்கள். ரெயில் டிக்கெட் எடுக்க ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு தொடங்க வேண்டுமா? இ-மெயில் ஐ.டி. கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு மனு போடப் போனால் அங்கேயும் அதே கேள்விதான்.

பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி, மூலகொத்தளம் பக்கம் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"அண்ணே, பாரத்துல மெயில் ஐ.டி. கேக்குறாங்க. நீங்களே ஒண்ணு போட்டு உட்டுருங்கண்ணே..."

கடைக்காரரும் அவசரத்துக்கு ஒரு ஐ.டி. உருவாக்கித் தருகிறார். கூட்டம் அதிகம் என்றால் தன் கடை ஐ.டி.யையே போட்டு விடுகிறார். மனு போய் விடுகிறது. வாலிபரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் விடுகிறார். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

சில மாதம் கழித்து தேர்வு பற்றிய தகவல் அந்த ஐ.டி.க்கு வந்து சேரும். அதைத் திறக்க பாஸ்வேர்டு தெரியாது. கடைக்காரருக்கும் ஞாபகம் இருக்காது. தேர்வு நாள் வந்த சுவடு தெரியாமல் போய் விடும்.

ரெயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். தேர்வு நடைமுறை முடியும் வரை மனுதாரரின் சொந்த செல்போன் நம்பரும், சொந்த இ-மெயிலும் நடப்பில் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பார்கள். தேர்வு தகவல்கள் எஸ்.எம்.எஸ்., இ-மெயில் மூலமும், வாரியத்தின் இணையதளத்திலும்தான் வரும். ஹால் டிக்கெட்டை தபால்காரர் வீட்டுக்கு கொண்டு வந்து தர மாட்டார். இணையதளத்தில் நாம்தான் எடுத்துக் கொள்ள வேண்டும்.

ஆக, இ-மெயில் என்பது ஆபீசில் கோட்டு சூட்டு போட்டவர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்கி விட முடியாது. அதில் வரும் பத்து, இருபது ஆங்கில வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரிந்து விட்டால் போதும். மற்றதெல்லாம் தானாக வந்து விடும். அதன் விவரம் வருமாறு:-

கடிதம்தான், வழிதான் வேறு

இ-மெயில் என்றால் 'எலக்ட்ரானிக் மெயில்'. தமிழில் மின்னஞ்சல். கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ எழுதி, இன்டர்நெட் வழியாக அனுப்பும் கடிதம். அவ்வளவுதான்.

தபால்பெட்டியில் போடும் கடிதம் நேராக மாமா வீட்டுக்குப் போவதில்லை. தபால் ஆபீஸ், ஆர்.எம்.எஸ். என்று பிரித்துப் பிரித்துத்தான் போகிறது. இ-மெயிலும் அப்படித்தான். நாம் அனுப்பியதும் நம் கம்பெனியின் 'சர்வர்' என்ற பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து, வாங்குகிறவரின் சர்வருக்குப் போய் உட்கார்ந்து கொள்ளும். அவர் எப்போது திறக்கிறாரோ அப்போது படிப்பார். அதனால்தான் எதிராளியின் போன் 'சுவிட்ச் ஆப்' ஆகி இருந்தாலும் மெயில் போய்ச் சேருகிறது.

இந்த வசதியைத் தருவதற்கு ஜிமெயில், யாகூ, அவுட்லுக், ரெடிப்மெயில் என்று பல கம்பெனிகள் இருக்கின்றன. கணக்கு தொடங்க காசு கிடையாது.

மெயில் ஐ.டி.யில் என்ன இருக்கு?

மெயில் ஐ.டி. என்பது வீட்டு விலாசம் மாதிரி. உலகத்தில் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது.

அதில் 3 பாகம் உண்டு. முதலில் நாம் வைத்துக் கொள்ளும் பெயர். அதற்கு 'யூசர் நேம்' என்று பெயர். நடுவில் ஆங்கில 'ஏ' எழுத்தைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி ஒரு குறி. அதை 'அட்' என்று படிக்க வேண்டும். கடைசியில் 'ஜிமெயில் டாட் காம்' என்பது போல கம்பெனியின் பெயர். அதற்கு 'டொமைன்' என்று பெயர்.

வீட்டு நம்பரைத் தப்பாக எழுதினால் கடிதம் பக்கத்து வீட்டுக்குப் போகும். இங்கேயும் ஒரு எழுத்து மாறினால் கதை கந்தல். ஆனால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்ற கவலை தேவையில்லை. இரண்டும் ஒன்றுதான். நடுவில் இடைவெளி மட்டும் விடக் கூடாது. பாரத்தில் எழுதும்போது பூஜ்ஜியமா, 'ஓ' எழுத்தா என்று புரியும்படி எழுத வேண்டும். பல மெயில்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. 'கெத்து பையன்', 'தல ரசிகன்' என்றெல்லாம் ஐ.டி. வைத்துக் கொண்டு கம்பெனிக்கு மனு போடாதீர்கள். பெயரும் இனிஷியலும் போதும். அது கிடைக்காவிட்டால் இரண்டு எண்ணைச் சேர்த்துக் கொள்ளலாம்.

பாஸ்வேர்டு: வீட்டுச் சாவி

ஐ.டி.யை ஊருக்கே சொல்லலாம். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது. விலாசத்தைச் சொல்லலாம், சாவியைக் கொடுக்கலாமா?

பிறந்த தேதி, செல்போன் நம்பர், பிள்ளையின் பெயர், ஒன்று முதல் எட்டு வரை வரிசை எண்... இதெல்லாம் பாஸ்வேர்டு அல்ல. திறந்து போட்ட கதவு. உங்களுக்கு மட்டும் தெரிந்த, சம்பந்தம் இல்லாத மூன்று நான்கு வார்த்தைகளைச் சேர்த்து, நடுவில் எண்ணும் குறியும் போட்டால் நல்லது. நீளம் அதிகமாக அதிகமாக திருடனுக்கு வேலை கஷ்டம்.

கடைக்காரர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் மாற்றி விட வேண்டும்.

'ரெகவரி' என்று ஒன்று கேட்பார்கள். பாஸ்வேர்டு மறந்து போனால் கணக்கை மீட்பதற்கான செல்போன் நம்பர் அது. அங்கே கட்டாயம் உங்கள் சொந்த நம்பர் இருக்க வேண்டும். கடைக்காரர் நம்பர் இருந்தால் கணக்கு உங்களுடையது, சாவி அவருடையது என்ற கதையாகி விடும்.

அடிக்கடி சிம் கார்டு மாற்றுகிறவர்களும் உஷாராக இருக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் சும்மா கிடக்கும் பிரீபெய்டு நம்பரை கம்பெனி ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. பிறகு அதே நம்பர் வேறு ஒருவர் கைக்குப் போகும். நம்பர் மாறினால் முதல் வேலையாக ரெகவரி நம்பரையும் மாற்றுங்கள்.

இன்பாக்ஸ், கம்போஸ்

'சைன் இன்' அல்லது 'லாக் இன்' என்றால் உள்ளே நுழைவது. நுழைந்ததும் கண்ணில் படுவது 'இன்பாக்ஸ்'. நமக்கு வந்த கடிதங்கள் இருக்கும் பெட்டி. தடித்த எழுத்தில் இருப்பது இன்னும் படிக்காதது.

புதிதாகக் கடிதம் எழுத 'கம்போஸ்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அங்கே 'டூ', 'சி.சி.', 'பி.சி.சி.', 'சப்ஜெக்ட்' என்று கட்டம் கட்டமாக வரும். சி.சி., பி.சி.சி. இரண்டும் 'டூ' பக்கத்தில் ஒளிந்திருக்கும். அதன் மேல் அழுத்தினால் விரியும்.

டூ: யாருக்கு எழுதுகிறோமோ அவரது ஐ.டி.

சி.சி.: 'கார்பன் காப்பி' என்பதன் சுருக்கம். பழைய டைப்ரைட்டர் காலத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் பேப்பர் வைத்து டைப் அடித்தால் ஒரே அடியில் நகலும் ரெடி. மனு மேனேஜருக்கு, நகல் யூனியன் தலைவருக்கு என்று அனுப்புவோமே, அதுதான் சி.சி. நகல் யாருக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பி.சி.சி.: இதுவும் நகல்தான். ஆனால் ரகசிய நகல். 'பி' என்பது 'பிளைண்ட்' என்ற வார்த்தையைக் குறிக்கும். இந்தக் கட்டத்தில் யார் ஐ.டி.யைப் போட்டாலும் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் சிலர் பத்து கம்பெனிகளின் ஐ.டி.யை 'டூ' கட்டத்தில் வரிசையாகப் போட்டு ஒரே மனுவை அனுப்புகிறார்கள். பத்து பேருக்கும் மற்ற ஒன்பது பேர் தெரிந்து விடும். 'ஊருக்கே நோட்டீஸ் அடிச்ச மாதிரி அனுப்பியிருக்கானே' என்று ஓரம் கட்டி விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவதே நல்லது.

சப்ஜெக்ட்: மனுவில் 'பொருள்' என்று எழுதுவோமே, அதுதான். ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கும் அதிகாரி முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். அதை காலியாக விடக் கூடாது. 'பிட்டர் வேலைக்கு மனு - ஐ.டி.ஐ. முடித்தவர்' என்று எழுதினால் விஷயம் முடிந்தது.

அதற்குக் கீழே உள்ள பெரிய கட்டத்தில் கடிதத்தை எழுத வேண்டும். 'வணக்கம் ஐயா, இன்ன தேதி விளம்பரம் பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடம் அனுபவம் உள்ளது. பயோடேட்டா இணைத்துள்ளேன். என் செல் நம்பர் இது' என்று நான்கு வரி போதும். ஆங்கிலம்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. செல்போனில் தமிழிலேயே டைப் செய்து அனுப்பலாம்.

அட்டாச்மென்ட்: ஊக்கு குத்தி வைப்பது

மனுவோடு சர்டிபிகேட் ஜெராக்சை பின் அடித்து வைப்பது போல, மெயிலோடு சேர்த்து அனுப்பும் போட்டோ, பயோடேட்டா, மார்க் சீட் ஆகியவற்றுக்கு 'அட்டாச்மென்ட்' என்று பெயர். பேப்பர் கிளிப் படம் போட்ட பட்டனை அழுத்தினால் வரும்.

அளவு முக்கியம். ஜிமெயிலில் ஒரு மெயிலில் மொத்தம் 25 எம்.பி. வரைதான் இணைக்கலாம். செல்போனில் எடுத்த பெரிய போட்டோக்களை அப்படியே பத்து பதினைந்து வைத்தால் தாண்டி விடும். சர்டிபிகேட்டுகளை 'பி.டி.எப்.' ஆக மாற்றி அனுப்பினால் எடையும் குறையும், எழுத்தும் தெளிவாக இருக்கும்.

'இணைத்துள்ளேன்' என்று எழுதி விட்டு இணைக்காமல் அனுப்புகிறவர்கள் ஏராளம். அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள்.

சிக்னலுக்கு காத்திருக்கும் ரெயில்

எழுதி முடிக்காமல் பாதியில் விட்ட மெயில் 'டிராப்ட்' பெட்டியில் இருக்கும். யார்டில் நிற்கும் ரெயில் பெட்டி மாதிரி. எப்போது வேண்டுமானாலும் எடுத்து மீதியை எழுதலாம்.

'சென்ட்' அழுத்தியும் சிக்னல் இல்லாமல் மாட்டிக் கொண்ட மெயில் 'அவுட்பாக்ஸ்' பெட்டியில் நிற்கும். சென்ட்ரலுக்குள் நுழைய பிளாட்பாரம் கிடைக்காமல் பேசின் பிரிட்ஜில் நிற்குமே எக்ஸ்பிரஸ், அந்த நிலைமைதான். உள்ளே இருப்பவர் 'வந்துட்டேன்' என்று போனில் சொல்லுவார். ஆனால் வந்திருக்க மாட்டார். நெட் வந்ததும்தான் அது கிளம்பும்.

உண்மையிலேயே கிளம்பிய மெயில் 'சென்ட்' என்ற பெட்டியில் இருக்கும். மனு அனுப்பியதற்கு அதுவே சாட்சி. தேதி, நேரத்தோடு இருக்கும். கடைசி நாளில் மனு போடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் கடையை விட்டு நகரக் கூடாது.

தப்பாக அனுப்பி விட்டால்? ஜிமெயிலில் அனுப்பியதும் 'அன்டூ' என்று சில வினாடி காட்டும். அதற்குள் அழுத்தினால் மெயில் திரும்பி விடும். இந்த நேரத்தை செட்டிங்சில் 30 வினாடி வரை கூட்டி வைக்கலாம். அதைத் தாண்டினால் வில்லிலிருந்து புறப்பட்ட அம்புதான்.

ரிப்ளை, ரிப்ளை ஆல், பார்வர்டு

'ரிப்ளை' என்றால் அனுப்பியவருக்கு மட்டும் பதில். 'ரிப்ளை ஆல்' என்றால் சி.சி.யில் இருக்கும் அத்தனை பேருக்கும் பதில் போகும். சூப்பர்வைசரைப் பற்றி நண்பருக்கு எழுத நினைத்து 'ரிப்ளை ஆல்' அழுத்தினால் சூப்பர்வைசரும் படிப்பார். ஜாக்கிரதை.

'பார்வர்டு' என்றால் வந்த மெயிலை அப்படியே வேறு ஒருவருக்குத் தள்ளி விடுவது. அதில் இருக்கும் பழைய பேச்சும் ஐ.டி.களும் சேர்ந்தே போகும்.

ஐ.டி.யைத் தப்பாகப் போட்டு அனுப்பினால், 'மெயில் டெலிவரி' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு மெயில் திரும்பி வரும். அதற்கு 'பவுன்ஸ்' என்று பெயர். 'விலாசதாரர் இல்லை' என்று தபால்காரர் திருப்பித் தரும் கடிதம் மாதிரி. அதை வைரஸ் என்று நினைத்து பயப்பட வேண்டாம். ஐ.டி.யைச் சரி பார்த்து மறுபடி அனுப்புங்கள்.

ஸ்பேம்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

கேட்காமலே வந்து குவியும் விளம்பர மெயிலுக்கும் மோசடி மெயிலுக்கும் 'ஸ்பேம்' என்று பெயர். 'ஸ்பேம்' என்பது முதலில் டப்பாவில் அடைத்து விற்கும் இறைச்சியின் பெயர். இங்கிலாந்தின் 'மான்டி பைதான்' டி.வி. காமெடியில், ஓட்டலில் எதைக் கேட்டாலும் 'ஸ்பேம், ஸ்பேம்' என்றே பதில் வரும். அந்தத் தொல்லை நினைவாக இந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது. 1978-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர் சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பரம் அனுப்பினார். அதுதான் முதல் ஸ்பேம் என்கிறார்கள்.

இப்போது மெயில் கம்பெனிகளே சந்தேகப்படும் மெயிலைப் பிடித்து 'ஸ்பேம்' பெட்டியில் போட்டு விடுகின்றன. நல்ல வசதிதான். ஆனால் இது கம்ப்யூட்டர் செய்யும் வேலை. ஒரே ஐ.டி.யில் இருந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு மெயில் போனால் அதற்குச் சந்தேகம் வரும். தேர்வு தகவலும் ஆயிரக்கணக்கானவர்களுக்குத்தானே போகிறது? அதனால் சில நேரம் நல்ல மெயிலும் இந்தப் பெட்டிக்குள் விழுந்து விடுகிறது.

ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டியில் விழுந்த மெயில் 30 நாளில் தானாக அழிந்து விடும். பிறகு தேடினாலும் கிடைக்காது. 'மெயில் வரவே இல்ல சார்' என்று புலம்புகிறவர்களில் பலர் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

மனு போட்டவர்கள் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஸ்பேம் பெட்டியையும் எட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மெயில் இருந்தால் 'நாட் ஸ்பேம்' என்று அழுத்தினால் இன்பாக்சுக்கு வந்து விடும்.

நாமே அழித்த மெயில் 'டிராஷ்' என்ற குப்பைத் தொட்டிக்குப் போகும். அங்கேயும் 30 நாள்தான். அதற்குள் திருப்பி எடுத்துக் கொள்ளலாம்.

ரெயில்வே வேலை ரெடி... பணம் கட்டு!

அடுத்த வார்த்தை 'பிஷிங்'. தூண்டிலில் புழு மாட்டி மீன் பிடிப்பது போல, ஆசை காட்டி பாஸ்வேர்டையும் பணத்தையும் அபேஸ் செய்வது. காசிமேடு பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

'ரெயில்வேயில் வேலை உறுதி. மருத்துவ பரிசோதனைக்கும் யூனிபாரத்துக்கும் இவ்வளவு கட்டுங்கள்' என்று முத்திரை எல்லாம் போட்டு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வரும். அனுப்பியவர் பெயர் ரெயில்வே அதிகாரி போலவே இருக்கும். ஆனால் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் வைத்துக் கொள்ளலாம். பார்க்க வேண்டியது பெயரை அல்ல. பெயர் மேல் அழுத்தி, 'அட்' குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மத்திய, மாநில அரசு அலுவலக முகவரிகள் பெரும்பாலும் 'ஜி.ஓ.வி. டாட் இன்' அல்லது 'என்.ஐ.சி. டாட் இன்' என்று முடியும். 'ரெயில்வே ஜாப்' என்று முன்னால் எழுதி, பின்னால் 'ஜிமெயில் டாட் காம்' என்று இருந்தால் அது ரெயில்வே அல்ல, மோசடி கும்பல். முகவரி சரியாகத் தெரிந்தாலும், பணம் கேட்டால் வாரியத்தின் இணையதளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். மனு போடும்போது இணையதளத்தில் கட்டும் தேர்வுக் கட்டணம் வேறு, வேலை கொடுக்க பணம் கேட்பது வேறு. ரெயில்வே வேலை தகுதி அடிப்படையில்தான், இடைத்தரகர்களை நம்ப வேண்டாம் என்று தேர்வு வாரியமே ஒவ்வொரு அறிவிப்பிலும் எச்சரித்து வருகிறது.

மெயிலில் வரும் 'லிங்க்'கை அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

ஏமாந்து பணம் போய் விட்டால் வெட்கப்பட்டு சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். மெயிலை அழித்து விடாதீர்கள். அதுதான் ஆதாரம்.

கடையை விட்டு கிளம்பும் முன்...

பிரவுசிங் சென்டரில் மெயில் பார்த்து விட்டு 'சைன் அவுட்' அல்லது 'லாக் அவுட்' செய்யாமல் எழுந்து போவது வீட்டைத் திறந்து போட்டு விட்டு ஊருக்குப் போவதற்கு சமம். அடுத்து வந்து உட்காருகிறவர் உங்கள் கடிதத்தைப் படிக்கலாம், உங்கள் பெயரில் அனுப்பவும் செய்யலாம். 'பாஸ்வேர்டை சேமிக்கட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் 'நோ' அல்லது 'நெவர்' என்று அழுத்த வேண்டும். டவுன்லோடு செய்த சர்டிபிகேட்டையும் அந்த கம்ப்யூட்டரில் இருந்து அழித்து விட வேண்டும்.

கணக்கைத் தொடங்கி விட்டு வருடக்கணக்கில் திறக்காமலும் விடக் கூடாது. 2 வருடம் பயன்படுத்தாத கணக்குகளை கூகுள் நிறுவனம் நீக்கலாம். 2023 டிசம்பரில் இருந்து இது நடைமுறைக்கு வந்தது.

கண்டுபிடித்தது யார்?

ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் இ-மெயில் அனுப்பியவர் அமெரிக்க என்ஜினீயர் ரே டாம்லின்சன். ஆண்டு 1971. 'அட்' குறியை முகவரியில் நுழைத்ததும் அவர்தான். 2016-ம் ஆண்டு காலமானார்.

தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சிவா அய்யாதுரை 1978-ல் அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்தபோது, ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 'இமெயில்' என்ற பெயரில் புரோகிராம் எழுதினார். 1982-ல் அதற்கு காப்பிரைட்டும் வாங்கினார். இ-மெயிலை கண்டுபிடித்தது தான்தான் என்பது அவரது வாதம். அதற்கு முன்பே இ-மெயில் புழக்கத்தில் இருந்தது என்று கூறி, கம்ப்யூட்டர் வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை.

காசில்லாமல் யாரும் எங்கிருந்தும் மெயில் பார்க்கலாம் என்ற நிலையைக் கொண்டு வந்ததில் ஒரு இந்தியருக்கு பெரிய பங்கு உண்டு. சபீர் பாட்டியா தன் நண்பர் ஜாக் ஸ்மித்துடன் சேர்ந்து 1996 ஜூலை 4-ந்தேதி 'ஹாட்மெயில்' தொடங்கினார். அடுத்த ஆண்டே மைக்ரோசாப்ட் அதை சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது. 2004 ஏப்ரல் 1-ந்தேதி கூகுள் 1 ஜி.பி. இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது, 'ஏப்ரல் பூல்' செய்கிறார்கள் என்று பலர் நினைத்தார்கள்.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்டு 15-ந்தேதி. தந்தி என்றாலே வயிற்றைக் கலக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் தந்தி சேவையே 2013 ஜூலையில் மூடப்பட்டு விட்டது.

இன்றைக்கே செய்ய வேண்டியது

வேலைக்கு மனு போட்டு விட்டு காத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே ஐந்து வேலை செய்யலாம்.

1. மனுவில் கொடுத்த மெயில் ஐ.டி. எது என்று விண்ணப்ப நகலை எடுத்துப் பாருங்கள்.

2. உங்கள் செல்போனில் அதைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் 'பர்காட் பாஸ்வேர்டு' அழுத்தி மீட்டு எடுங்கள்.

3. பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரெகவரி நம்பராக உங்கள் நம்பரைப் போடுங்கள்.

4. இன்பாக்சோடு ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

5. கடைக்காரர் ஐ.டி.யைப் போட்டிருந்தால், நாளைக்கே கடைக்குப் போய் அவரை அந்த மெயிலைத் திறக்கச் சொல்லி, தகவல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த மனுவில் இருந்து சொந்த ஐ.டி.தான்.

படித்துப் பாசாகி, கோச்சிங் போய், கண் விழித்து தயாராகிறீர்கள். அத்தனை கஷ்டமும் ஒரு பாஸ்வேர்டு தெரியாததால் வீணாகப் போகலாமா? மெயில் பெட்டி உங்களுடையது. சாவியும் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.